ஹுன்னஸ்கிரியவில் மூன்று கேள்விகள்

கண்டியிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ஒரு மலையைக் கடந்துதான் ஆக வேண்டும். கொழும்புக்குப் போனால் கடுகண்ணாவை. நுவரெலியாவுக்குப் போனால் ரம்பொடை. மஹியங்கனைக்குப் போனால் எல்லோருக்கும் தெரிந்த 18 வளைவு. விடுமுறை நாட்களில் இந்தப் பாதைகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். பொனட் திறந்தபடி ஒரு வாகனம் ஓரமாக நிற்கும். பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கையாகத் தெருவில் ஒரு மரக்கொப்பு கிடக்கும். நாலைந்து ஆண்கள் பொனட்டுக்குள் தலையை விட்டிருப்பார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் காத்திருப்பார்கள். அந்தப் பெண்களுக்கும் அந்த இயந்திரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போலவே அந்தக் காட்சி இருக்கும்.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது உம்மாதான். வாப்பா கட்டாரில் ஒரு வேலைத்தளத்தில் வேலை செய்கிறார். அவர் போன பிறகு உம்மா பழகி லைசன் எடுத்தார். பாடசாலைக்கு, வகுப்புக்கு, உம்மும்மாவின் கிளினிக்குக்கு என்று எல்லா இடத்துக்கும் எங்களை அந்தச் சின்னக் காரில் கொண்டுபோவார். ஆனால் கண்டி நகரத்தைத் தாண்டினால் மாமா கூட வர வேண்டும். அது எங்கள் குடும்பத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம்.

கடந்த டிசெம்பர் விடுமுறையில் மஹியங்கனைப் பக்கம் உறவினர் வீட்டில் ஒரு கல்யாணம். மாமாவுக்கு அன்று வர முடியவில்லை. "எழுபது கிலோமீற்றர்தானே, நான் ஓட்டுறன்" என்றார் உம்மா. உம்மும்மா, நான், தம்பி மூவரும் ஏறிக்கொண்டோம்.

போகும்போது எந்தக் குறையும் இல்லை. திரும்பும்போது வளைவுகளில் தம்பிக்குத் தலை சுற்றத் தொடங்கியது. உடுதும்பறையைத் தாண்டி ஹுன்னஸ்கிரிய சந்திக்கு வந்தபோது அவனால் பொறுக்க முடியவில்லை. உம்மா ஒரு சின்னத் தேநீர்க் கடைக்குச் சற்று முன்னால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். அவன் வாந்தி எடுத்து, முகம் கழுவி, மீண்டும் ஏறினான். உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லித் திறப்பைத் திருகினார். "டக்" என்று ஒரே ஒரு சத்தம். முன்னால் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்குகள் எல்லாம் ஒரு கணம் மங்கிப் போய் மீண்டும் எரிந்தன. மறுபடியும் திருகினார். மறுபடியும் "டக்".

நேரம் ஐந்தரை. நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. உம்மும்மாவுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. உம்மா மாமாவுக்கு கோல் எடுத்தார். "கதவப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கே இருங்க. நான் வாறன். எப்படியும் ரெண்டு மணித்தியாலம் போகும்" என்றார் மாமா. பிறகு சற்று நிறுத்தி, "இதுக்குத்தான் செல்றது" என்று சேர்த்துக்கொண்டார். உம்மா பதில் சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்தோடு உம்மா தனியாக ஓட்டிவந்த அந்தப் பயணமே முடிந்துவிட்டது போல எனக்குத் தோன்றியது.

கடை இருபதடி தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் உம்மா இறங்கத் தயங்கினார். 2018 மார்ச் மாதத்தில் இதே வீதியில், திகனயிலும் தெல்தெனியவிலும் நடந்தவை இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அப்போது நான் சிறுபிள்ளை. ஊரடங்குச் சட்டமும், மூடிய ஜன்னல்களும், உம்மா வாசற்படியில் வைத்திருந்த ஒரு துணிப்பையும் மட்டும்தான் ஞாபகம் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசாமல் இருந்தாலும், அந்த வீதியில் இருட்டும் நேரத்தில் வாகனம் நின்றுவிட்டால் அந்த ஞாபகமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

அப்போது வாப்பாவின் கோல் வந்தது. மாமா சொல்லியிருக்க வேண்டும். சிக்னல் வந்து வந்து போனது. வாப்பா பதறவில்லை. "மகள், நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் செல்லுங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கியர் P-யிலதான் ஈக்கா?"

பார்த்தேன், P-யில்தான் இருந்தது. எங்களுடையது ஒட்டோ கியர். P அல்லது N-இல் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டருக்கு மின்சாரமே போகாது. பழுதே இல்லாத வாகனத்தையும் பழுது என்று நினைக்க வைப்பது இதுதான். அதனால்தான் முதல் கேள்வி.

"ஹோர்ன் அடிக்கிதா?"

அடித்தேன். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அடித்தது.

"திறப்பத் திருகக்குள்ள லைட்டுக்கு என்ன நடக்குது?"

"மங்கிப் போய்த் திரும்ப எரியுது வாப்பா" என்றேன். "அப்ப பெற்றரியில..." என்று தொடங்கினார். அத்தோடு கோல் அறுந்தது. மீண்டும் எடுத்தும் கிடைக்கவில்லை.

அறுந்த வசனத்தை நானே முடிக்க வேண்டியிருந்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எவருக்கும் மின்னியக்க விசை, அகத்தடை பற்றிய கணக்குகள் தெரியும். கலத்தின் மின்னியக்க விசையிலிருந்து ஓட்டத்தையும் தடையையும் பெருக்கிக் கழித்தால் மீதி அழுத்த வித்தியாசம் கிடைக்கும். நல்ல பெற்றரியில் சுமார் 12.6 வோல்ற்று இருக்கும். பெற்றரிக்கும் வயருக்கும் இடையிலான இணைப்பில் 0.05 ஓம் தடை மட்டுமே சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹோர்னுக்கு நாலு அம்பியர் போனால் 0.2 வோல்ற்றுத்தான் இழப்பு. அதனால் ஹோர்ன் ஒழுங்காக அடிக்கும். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டர் 150 அம்பியர் வரை இழுக்கும். 150-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 7.5 வோல்ற்று. மோட்டருக்கு மிஞ்சுவது ஐந்து வோல்ற்று. அது "டக்" என்று ஒரு சத்தம் போட மட்டுமே போதும். வகுப்பில் இந்தக் கணக்கை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அதற்கு ஒரு சத்தம் இருக்கிறது என்பதை அன்றுதான் கேட்டேன்.

"உம்மா, பெற்றரி சாகல்ல. அதுல பூட்டியிருக்கிற இடத்திலதான் பிரச்சினை" என்றேன். உம்மா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

பொனட்டைத் திறந்தபோது பெற்றரியின் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்திருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு வளையம் கையால் அசைத்தாலே ஆடியது. வளைவுப் பாதையின் குலுக்கலில் அது இன்னும் தளர்ந்திருக்கலாம். உம்மா நேராகக் கடைக்குப் போனார். அங்கிருந்த வயதான சிங்களப் பெண்ணிடம் கொதிநீர் கேட்டார். அந்த அம்மா எதற்கென்றுகூடக் கேட்கவில்லை. கேத்தலோடு தானே வந்து, "மழைக்குள்ளே ஏன் நிற்கிறாய் துவ" என்று என் தலைக்கு மேல் ஒரு பையைப் பிடித்தார்.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "தள்ளினால் ஸ்டார்ட் ஆகும்" என்றார் ஒருவர். கையால் கியர் மாற்றும் வாகனமாக இருந்தால் அவர் சொன்னது சரி. ஒட்டோ கியரில் அது நடக்காது. எஞ்சின் ஓடினால்தான் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் உண்டாகும், அந்த அழுத்தம் இல்லாமல் சக்கரத்தின் சுழற்சி எஞ்சினுக்குப் போய்ச் சேராது. இதை உம்மா சிங்களத்தில் தனக்குத் தெரிந்தபடி சொன்னபோது, பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டிச் சாரதி தலையாட்டிவிட்டுத் தன் வண்டியிலிருந்து 10-ஆம் நம்பர் சாவியை எடுத்து வந்தார்.

பீடியோடு எட்டிப் பார்த்த ஒருவரை முதலில் அவர் தள்ளி நிற்கச் சொன்னார். பெற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரலாம், அதன் அருகே நெருப்பு ஆகாது. பிறகு "முதல்ல மைனஸ்" என்று சொல்லிக்கொண்டே மறை முனையைக் கழற்றினார். காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. வாகனத்தின் உடம்பு முழுவதும் மறை முனையோடு இணைந்திருக்கிறது. நேர் முனையை முதலில் கழற்றும்போது சாவி உடம்பில் பட்டால் குறுஞ்சுற்று உண்டாகித் தீப்பொறி பறக்கும். பூட்டும்போது இதற்கு நேர்மாறாக மைனஸ் கடைசியில்.

கொதிநீரை ஊற்றியதும் அந்தத் தூள் கரைந்து ஓடியது. அதில் சல்பூரிக் அமிலம் இருக்கும் என்பதால் கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு பழைய துணியால் நான் துடைத்தேன். அவர் இறுக்கிப் பூட்டினார். உம்மா உள்ளே ஏறினார். இம்முறை "டக்" கேட்கவில்லை. எஞ்சின் சத்தம்தான் கேட்டது. உம்மும்மா பின்சீற்றிலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தம்பி தெருவில் போட்டிருந்த மரக்கொப்பை இழுத்து ஓரத்தில் போட்டுவிட்டு வந்தான்.

கொதிநீருக்கும் வேலைக்கும் இருவருமே காசு வாங்கவில்லை. உம்மா நாலு பணிஸும் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் வாங்கினார். அதற்கு மட்டும் அந்த அம்மா காசு எடுத்தார். "வீட்டுக்குப் போகும்வரை எஞ்சினை அணைக்க வேண்டாம்" என்றார் சாரதி. தெல்தெனியவைத் தாண்டும்போது உம்மா வழக்கம் போல் வேகம் குறைக்கவில்லை. ஆனால் அன்று முதல் தடவையாகக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார்.

மாமாவைத் திகனயில் சந்தித்தோம். பொனட்டைத் திறக்கச் சொல்லி, இணைப்பைக் கையால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. "யார் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். உம்மா என்னைக் காட்டினார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது ஒரு சாவிப் பெட்டியும், ஒரு சோடி ஜம்ப் வயரும், ஒரு டோர்ச்சும் கொண்டுவந்து காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். அந்த எழுதாத சட்டத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

விடுமுறை முடிவதற்குள் கண்டி பொது நூலகத்தில் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். உலகில் முதன்முதலாக மோட்டார் வாகனத்தில் நெடுந்தூரம் போனவர் ஒரு பெண். ஜெர்மனியின் பெர்த்தா பென்ஸ், 1888 ஓகஸ்ட் மாதத்தில், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், தன் இரண்டு மகன்மாரோடு மன்ஹைம் நகரிலிருந்து தாயின் ஊரான போர்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீற்றர் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். எரிபொருளை ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். மகன்மாரையும் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன அந்தப் பயணத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் காரின் ஞாபகம்தான் வந்தது.

அந்தக் காலத்தில் எஞ்சினைக் கையால் சுழற்ற வேண்டும். கைப்பிடி திருப்பி அடித்தால் கை முறியும். சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-இல் கடிலாக் கார்களில் வந்த பிறகுதான், அந்தப் பலம் இல்லாதவர்களும் தனியாக வாகனத்தைக் கிளப்ப முடிந்தது. பெண்களுக்கு அது பெரிய வாசலைத் திறந்தது. எங்கள் காரில் "டக்" என்றதும் அதே வகைக் கருவிதான்.

இதை வாசிக்கும் தோழியருக்கு வாப்பாவின் கேள்விகளையே கொஞ்சம் நீட்டித் தருகிறேன். முதலில் கியர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஹோர்ன் அடியுங்கள். ஹோர்னும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் பெற்றரி முழுதாக இறங்கியிருக்கும், அல்லது இணைப்பு விட்டிருக்கும். "டக டக டக" என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பெரும்பாலும் பெற்றரி பலவீனம். அப்போது இன்னொரு வாகனத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம். நேர் முனையோடு நேர் முனையை இணைத்து, நல்ல பெற்றரியின் மறை முனையிலிருந்து வரும் வயரை நின்றுபோன வாகனத்தின் எஞ்சினில் பூச்சில்லாத உலோகப் பகுதியில் பிடிக்க வேண்டும். எஞ்சின் சுழன்றும் பற்றவில்லை என்றால் பெற்றரியைக் குற்றம் சொல்லாதீர்கள். பெற்றோலையோ தீப்பொறியையோதான் தேட வேண்டும். ஏற்றத்தில் சூடேறி நின்றால் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. ஆறும்வரை காத்திருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகனைப் பொனட்டருகே அழைக்கும்போது மகளையும் அழையுங்கள். கை கறுத்தால் கழுவலாம். அவள் வாகனம் திருத்துபவளாக வர வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் அவளுடைய பிள்ளைகளோடும் வயதான தாயோடும் எங்கேயாவது ஒரு சந்தியில் நிற்க நேரலாம். போன் சிக்னல் அறுந்துபோன பிறகும் அடுத்த கேள்வி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.