அறுபத்திரண்டு சிசி

வன்னியில் வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் இன்று இந்திய வண்டிகளே அதிகம். நடுவே ஒரு பழைய எம்.டி. நைன்ரி நின்றால் கண் தானாக அங்கே போகும். யப்பானில் தபால் கொண்டுபோவதற்கென்று ஹொண்டா செய்த வண்டி அது. தொண்ணூறுகளின் போர்க்காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டிப் பூட்டுவது அன்றாட வேலை.

பழைய 250 சிசி யப்பானிய ஸ்போர்ட்ஸ் வண்டிகளின் அருமை எஞ்சினோடு இப்படிப் பழகிய ஊருக்குத்தான் நன்றாக விளங்கும் என்பேன். யப்பானில் 250 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் காலத்துக்குக் காலம் கட்டாயப் பரிசோதனை உண்டு, அதற்குட்பட்டவற்றுக்கு இல்லை. ஆகவே கம்பனிகள் தங்கள் கெட்டித்தனம் முழுவதையும் அந்தச் சின்ன அளவுக்குள் கொட்டின. 1990இல் வந்த ஹொண்டா சிபிஆர் 250 ஆர்ஆரில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 62 சிசி, எம்.டி. நைன்ரியின் ஒற்றைச் சிலிண்டரைவிடவும் சிறிது. பிஸ்ரனின் விட்டம் 48.5 மில்லிமீற்றர், அது ஏறி இறங்கும் தூரம் 33.8 மட்டும். தூரம் குறுகியதால்தான் நிமிடத்துக்கு 15,000 சுற்றில் 45 குதிரைவலு தர அதனால் முடிந்தது. கீழ்ச் சுற்றில் இழுவை குறைவு. சத்தத்தைக் கேட்டு, கியரை அறிந்து போடுகிறவருக்கே அது தன் பலத்தைக் காட்டும். பெரிய எஞ்சின் ஓட்டுபவரின் பிழையை மூடிவிடும், இது மூடாது. அதனால்தான் இதன்மேல் இத்தனை ஆசை.

மண்ணெண்ணெய்க் காலம் ஒருவரும் விரும்பி வந்ததல்லவே, அதை இந்த ஆசையோடு சேர்க்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தடையை மெச்ச எதுவுமில்லை. அது நோயாளியையும் பயிர்ச்செய்கையையும் சேர்த்தே வாட்டியது. ஆனால் எஞ்சினைக் காதால் அறியும் பழக்கம் அன்று பல கைகளுக்கு வந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. வேலைக்குப் போய்வர இந்த 250 சிசி வண்டி உதவுமா என்றால், உதவாது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு வந்தபோது சிக்கனமான வண்டிதான் குடும்பத்தைக் காத்தது. 2020 மார்ச்சில் இங்கே வாகன இறக்குமதி நின்றதோடு இருக்கிற பழைய வண்டிகள் இன்னும் அரிதாயின. சிபிஆரின் நான்கு காபரேற்றர்களில் ஒன்று பிந்தினாலும் எஞ்சின் நடுங்கும். அதைச் சரிசெய்பவர் ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருப்பி, காது கொடுத்து, மறுபடி கால் சுற்றுத் திருப்பி, நான்கு சத்தமும் ஒரு சத்தமாகும்வரை குந்தியிருக்க வேண்டும்.