ரமண நகர்த் திண்ணையில் மும்மூர்த்திகள்

செங்கம் சாலை அன்றைக்கு இத்தனை அகலமில்லை. திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் ஜட்கா பிடித்தால், சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமத்தைக் கடந்து ரமணாசிரம வாசலில் வந்து இறங்கலாம். உள்ளே நுழைந்ததும் முதிர்ந்த இலுப்பை மரம். அதைத் தாண்டி மாத்ருபூதேசுவரர் சந்நிதி. கூரைகளில் ஏறி நின்று மயில்கள் அகவும். பின்புறம் பாலி தீர்த்தமும் பாலாக்கொத்தும். சாலைக்கு எதிர்ப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள், நடுநடுவே வேர்க்கடலைக் கொல்லைகள். எந்தத் தெருமுனையில் நின்று தலையைத் தூக்கினாலும் மலை.

1980களின் பிற்பகுதியில் அந்த ரமண நகரில்தான் நான் பாட்டுக் கேட்கக் கற்றேன். சொல்லிக்கொடுத்தது ஒரு திண்ணை. ஆசிரமத்தில் மாலைத் தமிழ்ப் பாராயணம் முடிந்து வெளியே வருகிறவர்களில் சிலர் அங்கே கூடுவார்கள். மழை, மின்வெட்டு, கார்த்திகை தீபத்துக்கு வரப்போகும் கூட்டம் என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் யார் பெரியவர்?

தியாகராஜர் கட்சிக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தலைமை. தெலுங்கு படிக்கத் தெரியாது. கீர்த்தனைகளுக்குத் தமிழில் பொருள் எழுதிய நோட்டு எப்போதும் கக்கத்தில் இருக்கும். “ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடறப்போ, ஒவ்வொரு சங்கதியிலும் மனசு ஒரு படி உள்ளே இறங்குது பாருங்கம்மா. அதை வேற யாரு செஞ்சாங்க?” என்பார். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்தினத்தின் ஐந்து ராகங்களையும் விரல் மடக்கிச் சொல்வார். கிடைத்திருக்கும் கீர்த்தனைகள் மட்டுமே 700 அளவில் இருக்கும் என்பார். தஞ்சை அரண்மனையின் செல்வம் வேண்டாம் என்று சொன்னவர் தியாகராஜர் என்பது அவருடைய கடைசி அஸ்திரம். கோவணத்தோடு இருந்த மகான் வாழ்ந்த இடத்தில் அந்த அஸ்திரத்துக்குத் தனி வலிமை இருந்தது.

எதிர்க்கட்சி, தெருக்கோடி வீட்டு வீணை மாமி. “நம்ம மலையைப் பாடினவர் யார், சொல்லுங்கோ சார். தீட்சிதர்தானே?” என்று தொடங்குவார். பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனை செய்திருக்கிறார். காஞ்சிக்குப் பைரவி, திருவானைக்காவுக்கு யமுனாகல்யாணி, காளத்திக்கு உசேனி, சிதம்பரத்துக்குக் கேதாரம். நெருப்புத் தலமான அண்ணாமலைக்கு சாரங்கா ராகத்தில் ‘அருணாசலநாதம்’. மாமி அதை வீணையில் வாசிக்கும்போது அவசரமே இருக்காது. கிரிவலப் பாதையில் ஒவ்வொரு லிங்கமாக நின்று கும்பிட்டு நகர்கிற நடை அது. “ஒரு பாட்டைக் கேட்டா அந்தக் கோவிலுக்குள்ளே போயிட்டு வந்த மாதிரி இருக்கணும்” என்பார் மாமி. கமலாம்பா நவாவரணம் தெரியாதவர்கள் ராகத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது அவர் கட்சி.

சியாமா சாஸ்திரிக்கு இருந்தது ஒரே ஓட்டு. கோயில் நாகஸ்வரம் வாசித்து ஓய்ந்த பெரியவர் அவர். எல்லாரும் பேசி முடிக்கும்வரை வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். பிறகு, “நம்ம கையில இருக்கிற அவரு பாட்டு கொஞ்சந்தான். அதுல எதைத் தள்ளுவீங்க?” என்பார், அவ்வளவுதான். பைரவி, யதுகுலகாம்போதி, தோடி மூன்றிலும் அமைந்த ஸ்வரஜதிகளைச் சொல்லி, தோடியை மட்டும் லேசாக முனகுவார். மூன்றும் நான்குமாக வரும் சாபு தாளத்தைத் திருப்பிப்போட்டு, நான்கும் மூன்றுமாக விலோம சாபுவில் சாஸ்திரி பாட்டமைத்ததை என் உள்ளங்கையில் தட்டிக் காட்டியவரும் அவர்தான். தாளம் தோலுக்குள் இறங்கியது அப்போதுதான்.

ஜெர்மனியிலிருந்து வந்து அந்தத் தெருவில் வாடகைக்கு இருந்த ஒருவரும் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அரைகுறைத் தமிழ், ஆனால் சண்டை எதைப் பற்றியது என்று புரிந்துகொண்டார். தங்கள் ஊரிலும் இதே சண்டைதான், பாக்கா, மோட்சார்ட்டா, பீத்தோவனா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள் என்றார். தமிழாசிரியர் உடனே நோட்டைப் பிரித்து ஆண்டுகளை எழுதச் சொன்னார். ஒரு பக்கம் சியாமா சாஸ்திரி 1762–1827, தியாகராஜர் 1767–1847, தீட்சிதர் 1835இல் மறைவு. மறுபக்கம் மோட்சார்ட் 1756–1791, பீத்தோவன் 1770–1827. சியாமா சாஸ்திரியும் பீத்தோவனும் ஒரே ஆண்டில் போயிருக்கிறார்கள். தஞ்சாவூரில் ஒருவர், வியன்னாவில் ஒருவர். ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. “அந்தக் காலத்துல உலகம் முழுக்க எதோ ஒரு மழை பெய்ஞ்சிருக்கு” என்றார் ஆசிரியர்.

மாமி விடவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியவர் தீட்சிதர் என்றார். இங்கிலாந்து அரசவாழ்த்தின் மெட்டுகூட அந்த நோட்டுஸ்வரங்களில் உண்டு. அவருடைய தம்பி பாலுஸ்வாமி கற்றுக்கொண்டு வந்த வயலின்தான் இன்றைக்குக் கச்சேரி மேடையில் இருக்கிறது. ஜெர்மானியர் முகம் மலர்ந்துபோனது. இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ ஒலிநாடா அப்போது புதிது. 1986இல் வந்த அந்தத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கை ஆக்கியிருந்தார் அவர். ரமணரிடம் மாறாத பக்தி கொண்ட ஒரு தமிழ் இசையமைப்பாளர் இரண்டு உலகத்துப் பெரியவர்களையும் ஒரே படியில் உட்காரவைத்ததில், அந்தத் திண்ணைக்கே ஒரு பெருமை.

அந்த ஜெர்மானியர் சொன்ன ஒரு வரலாறு என்னை மாற்றியது. பாக் இறந்தது 1750இல். பிறகு பல பத்தாண்டுகள் அவருடைய பெரிய படைப்புகளை ஊர் மறந்திருந்தது. விற்பன்னர்கள் சிலர் மட்டும் வைத்துப் படித்தார்கள். 1829இல் பெர்லினில் மெண்டல்சன் என்ற இருபது வயது இளைஞர் பாக்கின் மத்தேயு பாடுகள் இசையை மீண்டும் அரங்கேற்றினார். அதற்குப் பிறகே பாக் எல்லார் பட்டியலிலும் தலையில் ஏறினார். இடைப்பட்ட காலத்தில் அவர் இசையில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. சுமக்க ஆள் வந்தது, அவ்வளவே.

நம் மூவரையும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். தியாகராஜருக்கு வாலாஜாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகச் சீடர் பரம்பரைகள் வாய்த்தன. திருவையாற்றில் அவர் சமாதிக்குக் கோயில் எழுப்பத் தன் செல்வத்தைக் கொடுத்தார் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஜனவரியில் ஆராதனையை வானொலி வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. தீட்சிதருக்கு, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் பதிப்பித்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெருநூல் கிடைத்தது. அதன்பின் டி.கே. பட்டம்மாள் போன்றவர்களின் குரல் கிடைத்தது. சியாமா சாஸ்திரியின் பாட்டுகளை வீணை தனம்மாள் வீடு போன்ற சில வீடுகள் பொத்திக் காத்தன. திண்ணையில் நாங்கள் தராசில் நிறுத்தியது மூவரின் மேதைமையோடு, அவர்களைச் சுமந்துவந்த தோள்களையும் சேர்த்துத்தான்.

ஒரு பௌர்ணமி மாலையில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் கேட்டார்: “மூணு பேருமே தமிழ்நாட்டுல பொறந்தவங்க. ஆனா தமிழ்ல பாடினவங்க பேரு ஏன் இந்தப் பேச்சுல வரவே மாட்டேங்குது?” கேள்வி நியாயமானது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவருமே மும்மூர்த்திகளுக்கு முந்தியவர்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் ஊர் ஊராகக் கதாகாலட்சேபத்தில் ஒலித்தது. அரசர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டதற்கு இந்தக் கேள்விதான் காரணம். பாபநாசம் சிவனைத் தமிழ்த் தியாகராஜர் என்று கொண்டாடியதும் இந்த ஏக்கத்தில்தான். ஆசிரியரும் மாமியும் அன்று முதன்முதலாக ஒரே பக்கம் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் நாகஸ்வரப் பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வெளியே சாலையில் கிரிவலம் போகும் ஒரு கோஷ்டி ஜால்ராவோடு திருப்புகழ் பாடிக்கொண்டு போனது. “ஊரெல்லாம் தேடறீங்க. நம்ம ஊர்க்காரர விட்டுட்டீங்களே” என்றார். என் கையை இழுத்து, “தம்பி, முத்தைத்தருவுக்குத் தாளம் போடு பார்ப்போம்” என்றார். தெரிந்த தாளம் எதையெதையோ போட்டுப் பார்த்தேன். பாட்டு எதிலும் அடங்காமல் தன் போக்கில் போனது. “அவரு தாளத்துக்குப் பாட்டு எழுதல. பாட்டே தாளம்” என்றார்.

பெரியவர் சொன்னது திருப்புகழ் பாடிய அருணகிரிநாதரை. முத்தைத்தரு அதில் ஒரு பாட்டு. அருணகிரி 15ஆம் நூற்றாண்டுக்காரர். விஜயநகரப் பிரபுடதேவராயர் காலத்தவர். திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் முருகன் அவருக்காகத் தூணில் தோன்றிய கம்பத்திளையனார் சந்நிதியும், அவர் கிளியாக அமர்ந்ததாகச் சொல்லும் கிளிக்கோபுரமும் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். அவர் எந்த மெட்டில் பாடினார் என்பது ஒருவருக்கும் தெரியாது. தேவாரத்தைக் காக்க ஓதுவார்கள் இருந்தார்கள். திருப்புகழின் மெட்டுகளைக் காக்க அப்படியொரு வழிமுறை நிலைக்கவில்லை. ஏடுகளில் சிதறிக் கிடந்த பாடல்களை மாவட்ட முன்சீப்பாக இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை தேடித் தேடிச் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கினார். இன்று 1300க்கும் மேல் கிடைக்கின்றன. அவர் மகன் தணிகைமணி செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்துத் துறவியாகி இந்த மலைக்கு வந்த வள்ளிமலை சுவாமிகள், சேஷாத்திரி சுவாமிகளின் சொல்லைப் பற்றிக்கொண்டு திருப்புகழையே மந்திரமாக்கி ஊர் ஊராகப் பரப்பினார். 1964இல் ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி.எம். சௌந்தரராஜன் நடித்துப் பாடியபிறகு அது தேநீர்க் கடை வரை வந்தது.

நானூறு ஆண்டுகள் மெட்டில்லாமல், கச்சேரி இல்லாமல் கிடந்த ஒரு பாட்டு, அச்சில் ஏறியதும் எழுந்து நடந்தது எப்படி? பதிப்புகளில் பாடலின் தலையில் தத்தன தனதன என்று சந்தக் குழிப்பு போட்டிருக்கும். அதைப் படித்தால் நாக்கே லயத்தைப் பிடித்துக்கொள்ளும். குறில், நெடில், வல்லினம், மெல்லினம் எல்லாம் அளந்து வைத்த சொற்கள் அவை. ஸ்வரக் குறிப்பு வேண்டாம், குரு வேண்டாம். தமிழை வாய்விட்டுப் படிக்கத் தெரிந்தால் 15ஆம் நூற்றாண்டின் லயம் அப்படியே நம் வாயில் வந்துவிடுகிறது. பாக்குக்கு மெண்டல்சன் வேண்டியிருந்தது. தீட்சிதருக்குச் சுப்பராமர் வேண்டியிருந்தது. அருணகிரியின் ஏட்டைத் தேடி எடுக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. இசையை அவரே சொல்லுக்குள் பூட்டிவைத்துப் போயிருந்தார்.

ரமண நகர் இப்போது கடைகளும் விடுதிகளுமாக மாறிவிட்டது. வேர்க்கடலைக் கொல்லைகள் இல்லை. திண்ணை வைத்த வீடு இடிந்து மாடி எழும்பிவிட்டது. அதில் பேசியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். மனிதர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அவர்கள் சண்டை போட்டது வீண் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பெரியவர்களை வரிசைப்படுத்தக் கூடாது, அது அபசாரம் என்று இன்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ஆசிரியர் வாதாடியதால் சங்கதியைக் கேட்டேன். மாமி வாதாடியதால் ராகத்தின் நடையைக் கேட்டேன். பெரியவர் வாதாடியதால் தாளம் என் கைக்கு வந்தது. ஒருவரை உயர்த்த வேண்டுமென்றால் அவரிடம் என்ன இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் கேட்பவனை வளர்க்கிறது.

என் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளத்தின் படிகளில் இறங்குவதற்குத் தியாகராஜர். ராகத்தின் முழு உருவத்தைக் காண்பதற்குத் தீட்சிதர். கொஞ்சத்தில் நிறைவதற்குச் சியாமா சாஸ்திரி. இந்த மூவருக்குச் சமமாக, அதே முதல் வரிசையில் அருணகிரிநாதர். கச்சேரி முடியும் நேரத்தில் துக்கடாவாக ஒரு திருப்புகழ் பாடிவிட்டு மங்களத்துக்குப் போகிற வழக்கம் மாற வேண்டும். பாடகர் கச்சேரியின் நடுவில், ராகம் விரித்து, முக்கிய உருப்படியாக அதை எடுக்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தை மிருதங்கக்காரர் அந்தச் சந்தத்தின் மேலேயே கட்ட வேண்டும். மெட்டு தொலைந்தது ஒரு குறை என்றால், அதை நிரப்பும் பொறுப்பு இன்றைய வித்துவான்களுடையது. அதற்கான கணக்கு முழுவதையும் அவர் பாட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.