பிடியரிசிப் பானை

எங்கள் வீட்டில் உப்பைக் காசு கொடுத்து வாங்கியதாக எனக்கு நினைவே இல்லை. அப்பாவுக்கு அகஸ்தியன்பள்ளி அளத்தில் வேலை. அங்கே கிடைக்கும் கல்லுப்பே குழம்புக்கும் கருவாட்டுக்கும் ஆண்டு முழுவதும் போதும். அப்பாயி எனக்கும் தம்பிக்கும் ஞான உபதேசம் சொல்லித்தரத் தொடங்கியதும் அந்த உப்பிலிருந்துதான்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. மந்திரங்கள் எல்லாம் காதால் கேட்டுப் படித்தவை. பூசைக்குப் போய்வருவதே பெரும்பாடு என்பதால் கோடியக்கரையில் எங்களுக்கு உபதேசியாரும் அவள்தான், கோயிலும் அவள் அடுப்படிதான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அளத்தில் உப்பு அம்பாரங்களைக் கீற்றுப் போட்டு மூடுவார்கள். கீற்று விலகிய ஓரங்களில் மழை இறங்கி உப்பு கரைந்தோடிவிடும். மண்ணும் வெள்ளைப் பொருக்கும்தான் அங்கே மிஞ்சும். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள், அந்த ஓரத்திலிருந்து ஒரு கிள்ளு எடுத்து என் நாக்கில் வைத்தாள் அப்பாயி. கரிக்கவே இல்லை, பல்லில் நறநறவென்றது.

“பாக்க உப்பாட்டந்தானே இருக்கு? வாயில வச்சாத்தானே தெரியுது. இத என்ன பண்ணுவாங்க, சொல்லு?”

நடைபாதையில் கொட்டி மிதிப்பார்கள். நாங்கள் நாள்தோறும் பார்ப்பதுதானே.

“சேசுசாமி சொன்னது இதத்தான் பாப்பா.”

சாரமற்றுப்போன உப்பு வெளியே கொட்டப்பட்டு மிதிபடும் என்பது அவர் வாக்கு. உப்பு எப்படிச் சாரமற்றுப் போகும் என்று பெரியவர்கள் குழம்புவதைப் பிற்காலத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். கடல்நீர் காயும்போது உப்புக்கு முன்பே படியும் ஜிப்சம் மழைக்கு எளிதில் கரையாது. உப்பு போனபின்னும் ஜிப்சத்தின் வெண்மை நிற்கும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு அந்த நறநறப்புத்தான் ஞாபகம் வந்தது. 1930 ஏப்ரல் 30-ல் உப்புச் சட்டத்தை மீறி ராஜாஜி உப்பெடுத்துக் கைதானதும் இதே அகஸ்தியன்பள்ளியில்தான். அப்போது சிறுமியாக இருந்த அப்பாயி, அந்தக் கதையையும் சேசுவின் உப்பையும் சேர்த்தே சொல்லுவாள். இரண்டிலும் உப்பு ஏழைக்குச் சொந்தமானது என்பாள்.

சாயங்காலம் விளக்கு வைப்பது என் வேலை. மாதா படத்துக்கு முன்னால் அகல் ஏற்றி, எல்லோரும் பாயில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவோம். விளக்கை ஏற்றி மரக்காலால் மூடிவைக்க மாட்டார்கள் என்று சேசு சொன்னதைக் கேட்டு ஒரு நாள் தம்பி, “விளக்க மரக்காலால மூடுனா என்னாவும் அப்பாயி?” என்றான். “நீயே மூடிப் பாருடா” என்று நெல் அளக்கிற மரக்காலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். வெளிச்சம் மறையும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் சுடரே இல்லை, திரி புகைந்துகொண்டிருந்தது. “மூடி வச்சா ஊருக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அதுவே செத்துப்போவும்” என்றாள். அந்த உவமைக்கு எத்தனையோ பிரசங்கங்களில் விளக்கம் கேட்டுவிட்டேன். இதைவிட நல்ல விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

கார்த்திகை, மார்கழியில் பூநாரைகள் வந்து இறங்கும். பறவைகள் விதைப்பதும் இல்லை அறுப்பதும் இல்லை என்று சேசு சொன்னதை வைத்துத் தம்பி வேலைக்கு மட்டம் போடப் பார்ப்பான். அப்பாயி விடமாட்டாள். “அது சும்மாவா நிக்குது? தலைகீழாத் தண்ணிக்குள்ள வாய வுட்டுத் தேடுது பாரு. கவலதான் படல, வேல செய்யுது.”

எல்லாவற்றுக்கும் மேலாக என் மனதில் நிற்பது பிடியரிசிப் பானை. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடவேண்டும். மாதம் முடிந்ததும் அது கோயிலுக்கோ, கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஏதாவதொரு வீட்டுக்கோ போகும். அந்த வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று அப்பாயி கேட்டதில்லை. அளப்பதற்கு முன்பே மூட்டையிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்டேன். “அது மிச்சத்துலேருந்து குடுக்கறது. அளந்ததுலேருந்து எடு. ராத்திரி ஒரு வாய் கொறையணும். அப்பத்தான் அது குடுத்தது.” காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையின் கதை அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபோது எனக்கு அது தெரிந்த கதையாகவே இருந்தது. என் கை சின்னது என்பதால் எனக்கு இரண்டு பிடி.

ஞான உபதேசத்தை இப்படி வீட்டில் வைத்துச் சொல்லித்தருவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் படிப்பித்தார். படித்ததை வீட்டில் தாய்தகப்பனுக்குச் சொல்லித்தரும்படி அவர்களிடமே சொல்லி அனுப்பினார். 1545-ல் அவர் நாகப்பட்டினத்திலும் தங்கியிருக்கிறார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல், ஓர் உபதேசப் புத்தகம்தான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, லூத்தரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லித்தரவென்றே 1529-ல் எழுதப்பட்ட நூல் அது. பிள்ளைகளுக்கு விசுவாசத்தை முதலில் அறிவிக்க வேண்டியவர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-ல் எழுதிவைத்தது.

இந்த நூல்களில் ஒன்றும் அப்பாயிக்குத் தெரியாது. மனப்பாடத்தை அவள் குறைத்தும் பேசியதில்லை. பரலோக மந்திரத்தில் ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து சொல்லவைப்பாள். ஆனால் மந்திரம் வாயில் இருந்தால் போதாது, கையும் அதைச் செய்து பார்க்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். சேசுவும் உப்பையும் விளக்கையும் வலையையும் காட்டித்தானே பேசினார்? அவருடைய பாடப்பொருள்கள் முழுக்க எங்கள் வீட்டிலும் வாசலிலும் கிடந்தன.

இன்றைய மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் உப்புக் குவியலின் படத்துக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். அதற்காக ஞாயிறுதோறும் நேரம் ஒதுக்கும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடமும் பெற்றோரிடமும் எனக்கொரு வேண்டுகோள் இருக்கிறது. வேளாங்கண்ணிக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் தெற்கே வாருங்கள். மழை விட்டதும் அகஸ்தியன்பள்ளி அளத்தில், அம்பாரத்தின் நடுவிலிருந்து ஒரு கல்லும் ஓரத்திலிருந்து ஒரு கிள்ளும் வாங்கிப் பிள்ளைகள் நாக்கில் வையுங்கள். வசனத்தை அப்புறம் வாசியுங்கள்.