எழுதியவன் செலுத்தும் சுங்கம்

சென்ற ஆண்டின் இறுதியில் ஒருநாள் மாலை, முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். இப்பொழுது அவன் பல்கலைக்கழகத்திற் பௌதிக ஆராய்ச்சி செய்பவன். தனது முதற் கட்டுரையை வெளிநாட்டுச் சஞ்சிகையொன்று ஏற்றுக்கொண்டதென்றான். வாழ்த்துக் கூற வாயெடுத்தேன். அவன் முகத்தில் மலர்ச்சி இல்லை.

"ஏத்துக்கொண்டிட்டாங்கள் சேர். ஆனால் போடுறதுக்குக் காசு கட்டவேணுமாம்."

கேட்ட தொகையை இருவரும் ரூபாவிற் கணக்கிட்டுப் பார்த்தோம். எனது பல மாதச் சம்பளம் அதற்குள் அடங்கிற்று.

நான் தமிழ் கற்றவன், பௌதிகம் அறியேன். நமது இலக்கியச் சஞ்சிகைகளில் எழுதுவோர்க்குச் சன்மானம் கிடைப்பது அரிது. எனினும், எழுதிய குற்றத்துக்காக என்னிடம் எவரும் பணம் கேட்டதில்லை. எனவே இவ்வழக்கத்தின் வேரை அறிய முற்பட்டேன்.

ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணத்தில் ஆய்வு நடத்துகின்றனர். கட்டுரையை ஊதியமின்றிக் கொடுக்கின்றனர். அதனைப் பரிசீலித்து மதிப்பிடும் சக விஞ்ஞானிகளும் பொதுவாக ஊதியம் பெறுவதில்லை. இவ்வாறு இலவசமாகக் கிடைத்த உழைப்பை அச்சிட்டு, அவர்களது நூலகங்களுக்கே பதிப்பாளர் விலைக்கு விற்கின்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் றொபேட் மக்ஸ்வெல் தமது பேர்கமன் பதிப்பகத்தின் மூலம் இதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார். 1991 இல் அதனை எல்சவியர் நிறுவனத்துக்கு விற்றார்.

அதே 1991 ஆகஸ்டில் மறுபுறத்தே ஒரு கதவு திறந்தது. அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய போல் ஜின்ஸ்பார்க் என்ற பௌதிகவியலாளர், அச்சேறுமுன்னரே கட்டுரைகளைக் கணினி வழியாக எவரும் பெறத்தக்க களஞ்சியமொன்றைத் தொடங்கினார். அதற்குமுன் அத்தகைய பிரதிகள் தபாலிற் சென்றன. அனுப்புவோரின் முகவரிப் பட்டியலில் இடம்பெறாத எளிய பல்கலைக்கழகங்கள் காத்துக்கிடந்தன. ஆர்க்கைவ் எனப்படும் அக்களஞ்சியம் 2001 இற் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறி, இன்றும் கட்டணமின்றி இயங்குகின்றது.

வாசிப்பதற்கு வழி பிறந்தது. ஆயின் பட்டத்துக்கும் பதவியுயர்வுக்கும் சஞ்சிகையின் முத்திரை வேண்டும். அம்முத்திரை பதிப்பாளர் கையிலேயே இருந்தது. அறிவு அனைவர்க்கும் திறந்திருக்கவேண்டுமென்ற குரல் வலுத்தபோது, அவர்களிற் பலர் வாசகனின் வாசலில் நின்ற சுங்கச்சாவடியைப் பெயர்த்தெடுத்து, எழுதுபவனின் வாசலில் நாட்டினர். நேச்சர் சஞ்சிகை ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிடுவதற்கு 2021 இல் விதித்த கட்டணம் 9,500 யூரோ. வறிய நாட்டவர்க்குக் கழிவு உண்டென்பர். வறுமையைக் காட்டி விண்ணப்பித்துப் பெறுவது சலுகை. அதனை உரிமையென்று எவ்வாறு சொல்வது?

பௌதிகவியலாளர் வேறு வழிகளையும் கண்டுள்ளனர். ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தை மையமாகக் கொண்டு 2014 இற் செயற்படத் தொடங்கிய ஸ்கோப் திரீ என்னும் கூட்டமைப்பு, பல நாட்டு நூலகங்கள் சந்தாவாகச் செலுத்திவந்த பணத்தை ஒன்றுதிரட்டி, உயர்சக்திப் பௌதிகச் சஞ்சிகைகளை யாவர்க்கும் திறந்துவிட்டது. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரு சதமும் கொடுப்பதில்லை. எனினும் திரண்ட பணம் பழைய பதிப்பாளரையே பெரும்பாலும் சென்றடைகின்றது.

2016 இல் ஆம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான் செபஸ்தியான் கோ முன்னின்று தொடங்கிய சைபோஸ்ற் இன்னும் ஒருபடி முன்செல்கின்றது. அங்கே சஞ்சிகையை நடத்துபவர்கள் விஞ்ஞானிகளே; இலாபம் அதன் நோக்கமன்று. மதிப்பீட்டாளரின் குறிப்புகளும் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன. செலவைப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிதியங்களும் விரும்பியளிக்கும் பங்களிப்புகள் தாங்குகின்றன.

இதனை அறிந்தபோது எங்கள் ஊர் வாசிகசாலை என் நினைவில் எழுந்தது. ஊரவர் இயன்றதைக் கொடுத்தனர். பத்திரிகைகள் மேசைமீது விரிந்துகிடந்தன. உள்ளே வந்த சிறுவனிடம் எவரும் காசு கேட்கவில்லை. ஆயின் வாசிப்போர் பெருகிக் கொடுப்போர் அருகினால் வாசிகசாலை பூட்டப்படும். சைபோஸ்றின் இடரும் இதுவே: அதனாற் பயன்பெறும் நிறுவனங்கள் யாவும் பங்களிப்பதில்லை.

செலவில்லாத பதிப்பு உலகில் இல்லை. அச்செலவை யார் சுமப்பது, சஞ்சிகை யார் கையில் இருப்பது என்பனவே வினாக்கள். தனியொரு மாணவனின் சட்டைப்பையைத் தடவுவதிலும் சமூகம் கூடிச் சுமப்பதே நேர்மை. பெயர்பெற்ற சஞ்சிகையின் முத்திரையைக் கொண்டே பதவியையும் பட்டத்தையும் அளக்கும் வழக்கத்தை நம் பல்கலைக்கழகங்கள் கைவிடாதவரை, சுங்கச்சாவடியும் அகலாது. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைத் தத்தம் சபைகளிற் கேட்கவேண்டும்.

என் மாணவன் கட்டுரையை மீளப்பெற்று, கட்டணம் அறவிடாத சஞ்சிகையொன்றுக்கு அனுப்பினான். மதிப்பீடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவனது பட்டமும் அதுவரை தாமதிக்கும். அவனுக்கு அது தெரியும். மறுமொழி இன்னும் வரவில்லை.