ஹெர்குலஸ் நம்ம ஊர் வண்டி ஆன கதை

ஹெர்குலஸ், ராலே, பி.எஸ்.ஏ. இந்த மூன்று பெயரும் நம் தாத்தாக்களுக்கு அத்துப்படி. மூன்றுமே இங்கிலாந்துப் பெயர்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹெர்குலஸ் 1910-ல் பர்மிங்காம் நகரில் க்ரேன் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி. பெயர் கிரேக்க, ரோமானியப் புராணத்துப் பலசாலியுடையது. நம்ம பீமன் மாதிரின்னு வச்சுக்குங்க. வண்டிகள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. 1946-ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி ஹெர்குலஸை வாங்கியது. சுதந்திரத்துக்குப் பின், 1949-ல், முருகப்பா குழுமம் அதனுடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. தொழிற்சாலை அம்பத்தூரில். 1955-ல் பக்கத்து ஆவடியிலேயே குழாய் செய்யவும் ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுச் சரக்கு இப்படித்தான் உள்ளூர்ச் சரக்கானது.

ஆனால் ஒரு வண்டி ஐம்பது வருஷம் ஓட தொழிற்சாலை மட்டும் போதுமா? ரிப்பேர் பார்க்க ஆள் வேண்டாமா? எங்கப்பா அப்படி ஒரு ஆள். மயிலாப்பூரில் ஒரு சந்தில் சைக்கிள் கடை. படிப்பு அஞ்சாவது. கம்பி பிரேக் வைத்த பழைய ஹெர்குலஸ் இன்றும் அவரிடம் வருகிறது.

சைக்கிளில் வலது பெடலுக்கு சாதாரண மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. கிராங்க் சுற்றச் சுற்ற நம் மிதியின் அழுத்தம் மரைக்குள் சுற்றி வரும். பெடல் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். இடது பக்கமும் சாதாரண மரை போட்டால் தானாகவே கழன்றுவிடும். இந்தக் காரணத்தை நான் மெக்கானிக்கல் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். “லெஃப்ட் பெடலை உல்டாவா திருப்பணும்னு பத்து வயசிலயே தெரியும்டா. ஏன்னுதான் யாரும் சொல்லல” என்றார்.

கடைக்கு இப்போது நாளைக்கு நாலு வண்டி வந்தாலே அதிகம். இடத்துக்காரரும் காலி பண்ணச் சொல்கிறார். “இந்த கிரீஸ் என்னோட போகட்டும், நீ படிச்சு மேல வா” என்கிறார் அப்பா. படிக்கத்தான் போகிறேன். ஆனால் வீல் கோட்டம் எடுப்பது, காட்டர் பின் தட்டுவது, பால்ஸ் மாற்றுவது எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல, படம் வரைந்து, அளவு போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பாதி நோட்டு முடிந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் தச்சரோ, கொத்தனாரோ, டர்னரோ இருப்பார். இந்த லீவிலேயே ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள் நண்பர்களே!