பஸ் ஐயாவும் கொல்லிப் பண்ணும்

திருச்சிற்றம்பலம்.

நம்ம தேவாரம் ஐயாவின் 16-ஆம் நாள் காரியம் நேற்று நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள், அரிசி காய்கறி கொடுத்தவர்கள், கூடாரம் கட்டிய பையன்கள் எல்லாருக்கும் தொண்டர் குழுவின் நன்றி. நன்றி சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தோம். ஆனால் 16 நாளாக ஒரு விஷயம் எங்கள் மனசை அரிக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறோம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கூட்டம் பிரசாதத்துக்குத் திரும்பிய பிறகு, தூண் பக்கத்தில் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்து பாடுவாரே, அவர்தான். பிறையில் வேலை செய்த எங்களில் பாதிப் பேருக்கு அவர் முதலில் பஸ் ஐயா. 20 வருஷத்துக்கு மேல் கம்பெனி பஸ் ஓட்டினார். காலை சிப்ட்டுக்கு ஐந்தரை மணிக்கு ஆள் ஏற்றும்போது ரேடியோ போட மாட்டார். அவரே மெதுவாகப் பாடிக்கொண்டு வருவார். அது புறநீர்மைப் பண், விடியற்காலைப் பண், இப்போது பூபாள ராகத்தில் பாடுகிறார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டோம். அப்போது எங்களுக்குத் தூங்க வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

படித்துப் பட்டம் வாங்கிய ஓதுவார் இல்லை அவர். சின்ன வயசில் தோட்டத்துக் கோயிலில், பால்மரம் வெட்டிய ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டது. வேலையை விட்ட பிறகு செவ்வாய், சனி இரண்டு நாளும் மாலை பார்வை நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். யாரும் அனுப்பவில்லை. மோட்டார் பெட்ரோலுக்குக் கூடக் கோயிலில் ஒரு வெள்ளி வாங்கியதில்லை. முதலில் மிஸ்ஸியிடம் அனுமதி கேட்பார். அப்புறம் யாரும் பார்க்க வராத கட்டிலாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

எங்களில் சிலர் துணைக்குப் போயிருக்கிறோம். அவர் அதிகம் பாடியது அப்பர் சுவாமிகளின் முதல் பதிகம். கதை எல்லாருக்கும் தெரியும். சூலை நோய் தாங்காமல் துடித்தவரை அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்து திருவதிகை வீரட்டானத்துக்கு அழைத்துப் போக, அங்கே பாடியது. ஒரு தடவை நாங்கள் கேட்டோம், "ஐயா, சம்பந்தர் சுவாமிகள் அடியாருக்குக் குளிர்சுரம் தீரப் பாடின திருநீலகண்டப் பதிகம் இருக்கே, பாண்டியனுக்கு வெப்பு நோய் தீர்த்த திருநீற்றுப் பதிகம் இருக்கே, அதப் பாடலாமே?"

"அதுவும் பாடுவேன் தம்பி. ஆனா ரொம்ப நோவுல இருக்கிறவங்ககிட்ட போய் எல்லாம் சரியாயிடும்னு நாம சொன்னா அவங்களுக்குக் கோவம்தான் வரும். அப்பர் சாமி தாங்க முடியலன்னு ஆண்டவன்கிட்டயே முறையிடுறார். அதக் கேட்டா, நமக்கு முந்தி ஒருத்தர் இப்படித் துடிச்சிருக்கார்னு ஒரு துணை."

இன்னொன்றும் சொன்னார். அந்தப் பதிகம் கொல்லிப் பண். இப்போது நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். நவரோசு மேல் ஸட்ஜம் வரைக்கும் ஏறாது, பஞ்சமத்தோடு திரும்பிவிடும். "வார்டுக்குன்னே செஞ்ச மாதிரி. பக்கத்துக் கட்டில் ஆள் எழுந்திருக்க மாட்டார்" என்பார். தாளம்கூட எடுத்துப் போக மாட்டார், விரலால் தொடையில் தட்டுவதோடு சரி.

சர்க்கரை நோயில் காலை எடுத்த ஒரு பெரியவர், சாமிப் பாட்டு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐயா கோபப்படவில்லை. "சரி, என்ன பாட்டு புடிக்கும்?" என்றார். டி.எம்.எஸ். என்றார் அவர். ஐயா விபூதிப் பட்டையோடு உட்கார்ந்து சினிமாப் பாட்டு பாடினார்! எங்களில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, வெளியே வந்து கேட்டும் விட்டார். "கேட்டதத்தானே கொடுக்கணும் தம்பி" என்று சொல்லி மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெரியவர் கடைசி வரைக்கும் தேவாரம் கேட்கவே இல்லை. ஐயாவும் பாடவில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கோயிலும் மூடியது, வார்டும் மூடியது. அப்போதும் தெரிந்த மிஸ்ஸி ஒருவரிடம் பேசி வைத்து, நேரம் பார்த்துப் போன் பண்ணிப் பாடினார். இது எங்களுக்கே இப்போதுதான் அவர் வீட்டு அம்மா சொல்லித் தெரிந்தது.

இப்போது எங்கள் குறையைச் சொல்ல வேண்டும். அதே மனுஷனுக்கு நம் கோயிலில் நாங்கள் என்ன கொடுத்தோம்? ஒரு கந்தர் சஷ்டிக்கு ஒரு நாளுக்கு ஐந்து நிமிஷம். கடைசி நாள் ஒய்.பி. சீக்கிரம் வந்துவிட்டார் என்று அந்த ஐந்து நிமிஷத்தையும் எடுத்துவிட்டோம். நிகழ்ச்சித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போய்ச் சொன்னது நாங்கள்தான். "பரவால்ல தம்பி, சாமி காலையிலயே கேட்டுட்டாரு" என்று சிரித்துவிட்டு, நேராகச் சமையல் கொட்டகைக்கு வாழை இலை கழுவப் போனார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் அப்படித்தான். ஆரம்பத்தில் எங்களில் நாலு பேர் சேர்ந்தோம். ஓ.டி., பிள்ளைகளின் டியூஷன், கல்யாணம், காதுகுத்து என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டோம். அவர் மட்டும் பத்து மணிக்கு வந்து பாயை விரித்து உட்கார்ந்திருப்பார்.

"நான் போகும்போது கொல்லியில பாடி அனுப்புங்கப்பா" என்று எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டில் சிவபுராணம் படித்தோம், அது புத்தகத்தைப் பார்த்து எல்லாரும் படிப்பதுதானே. அப்புறம் அம்மா எங்களைப் பார்த்து, "அவர் கேட்டதப் பாடுங்க" என்றார்கள். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஒருவர் தொடங்கினார், இரண்டாம் அடியில் சுருதி போய்விட்டது. பேத்திக்கு முழுசும் தெரியும், ஆனால் அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கடைசியில் போனில் யூடியூப் போட்டு ஐயா தலைமாட்டில் வைத்தோம். நடுவில் சோப்பு விளம்பரம் வந்தது. அதை நிறுத்தத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிறு பத்து மணிக்கு அதே இடத்தில் பாயை விரித்தோம். பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் மூன்று பேர். ஐயாவின் சுருதிப் பெட்டியை அம்மா கொடுத்து விட்டிருந்தார்கள். சொல்லிக்கொடுப்பது பேத்திதான், படிவம் 4 படிக்கிறது. ஒரு மணி நேரத்தில் முதல் பாட்டில் பாதிதான் வந்தது. நாங்கள் கத்திப் பாடியதும் அந்தப் பிள்ளை கையைக் காட்டி, "அங்கிள், அவ்ளோ மேல போகாதீங்க, தாத்தா அங்கேயே திரும்பிடுவார்" என்றது.

இந்த ஞாயிறும் வகுப்பு உண்டு. காலை 10 மணி, தூண் பக்கம். கட்டணம் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் கொண்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை வார்டுக்கு எங்களோடு வர நினைப்பவர்கள் வகுப்பு முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். பாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்கும் இன்னும் தெரியாது.

திருச்சிற்றம்பலம்.