கைராசியும் மண்ணும்

செடி தழைப்பதும் பட்டுப்போவதும் நடுகின்றவர் கைராசியைப் பொறுத்தது என்று நம்மவர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அச்சொல் எத்துணைக் கொடியது என்பதை நமது வீட்டுக் கொல்லையிலேயே கண்டோம். அதனை ஒளியாது எழுதுவதே நேர்மை.

1998-ஆம் ஆண்டில், சிலாங்கூரில் நாம் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தை விட்டு, குன்றை வெட்டிச் சமன்செய்து கட்டிய வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்தோம். கணவரையிழந்த நம் தமக்கையாரும் உடன் வந்தார். லயத்துக் கொல்லையில் கத்தரியும் வெண்டையும் காய்த்துக் குலுங்கச் செய்தவர் அவர். புதிய கொல்லையிலோ அவர் நட்ட நாற்றுகள் ஒரு சாணுக்குமேல் எழவில்லை. வேர் குட்டையாகித் தடித்து மடிந்தன. சாணமிட்டும் பயனில்லை. “தாலியிழந்த கை, செடி எப்படித் தழைக்கும்?” என்றனர் அண்டை வீட்டார். மேடைதோறும் பகுத்தறிவு பேசிய நாம் என் செய்தோம்? “அக்கா, இம்முறை நாங்கள் நடுகிறோமே” என்றோம்! அவர் மறுமொழி கூறாது மண்வெட்டியைச் சுவரிற் சாத்திவிட்டு உள்ளே போனார். நாம் நட்டவையும் அவ்வாறே மடிந்தன.

பின்னரே மண்ணைச் சோதித்தோம். புளிப்பும் காரமுமற்ற மண்ணின் பி.எச். அளவு 7, நமது கொல்லையிலோ 4.5. மேல்மண் வழித்தெடுக்கப்பட்டு அடிச்செம்மண்ணே எஞ்சியிருந்தது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பொழியும் மழை, கால்சியம், மக்னீசியம் முதலிய சத்துகளைக் கரைத்துக் கொண்டுபோக, மண் புளித்துவிடுகிறது. அப்புளிப்பில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கிறது; மணிச்சத்தும் செடிக்கு எட்டாது கட்டுண்டு கிடக்கிறது. இதில் கைம்மையின் குற்றம் யாது?

லயத்தில் தமக்கையார் நாள்தோறும் அடுப்புச் சாம்பலைக் கொல்லையில் தூவி வந்தார். விறகுச் சாம்பல் புளிப்பை முறிப்பது. புதிய வீட்டிலோ எரிவாயு அடுப்பு, சாம்பல் ஏது? ராசி என்று நாம் எண்ணியது, உண்மையில் அவரது பல்லாண்டு உழைப்பேயாகும்.

சதுர மீட்டருக்கு 200 கிராம் வீதம், மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி, ஒரு சாண் ஆழம் கொத்திக் கலந்தோம். மட்கிய தழையையும் மட்கிய சாணத்தையும் உடனே இடாமல் ஒரு மாதம் பொறுத்தே இட்டோம். சுண்ணாம்பும் எருவும் ஒருங்கே சேரின் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். சுண்ணாம்பை அளவுக்கு மிஞ்சி இடுவதும் தீதே. இரும்புச்சத்து கிட்டாமல் இளந்தளிர் வெளுத்துவிடும்.

பின்னர் மண்வெட்டியைத் தமக்கையாரிடம் கொடுத்து மன்னிப்பு வேண்டினோம். அவரே நட்டார், 1999-இல் வெண்டை இடுப்பளவு வளர்ந்து காய்த்தது. முதற்காயைப் பறித்துக் கையில் தந்து அவர் கேட்டார்:

“மண்ணின் புளிப்புக்குச் சுண்ணாம்பு போட்டாய், தம்பி, மனிதர் மனத்துப் புளிப்புக்கு எதைப் போடுவாய்?”

அன்று நாம் விடை கூறவில்லை. இதனை எழுதுவது அதற்காகவே.